முழங்கை வலிச்சா டம்பெல்லைக் கீழே வைக்கணுமா?

1/
வாரத்துக்கு ரெண்டு பேராவது இன்பாக்ஸில் கேட்கிற கேள்வி இது: "டாக்டர், முழங்கை வலிக்குது. ஜிம்முக்குப் போறத நிறுத்திடவா?"

பெரும்பாலானவங்களுக்கு என் பதில்: நிறுத்த வேண்டாம், மாத்துங்க. எதை மாத்தணும், எப்படி, எவ்வளவு நாளுக்கு என்பதைத்தான் இந்த த்ரெட்டில் சொல்லப் போறேன். ஏழு மாசமா என் வலது முழங்கையும் இதே பிரச்சினையில்தான் இருக்கு. அதனால் பாடப் புத்தகத்தில் இருப்பதும் என் கை சொன்னதும் ரெண்டும் கலந்து வரும். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
முதலில், ஏன் நிறுத்தக் கூடாதுன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்?

எனக்கு 48 வயசு. அப்பா, சித்தப்பா, ரெண்டு அத்தைங்க, எல்லாருக்கும் சர்க்கரை. மூணு வருஷம் முன்னாடி என் எச்பிஏ1சி 6.2. அதாவது சர்க்கரை நோயின் வாசல்படி. நடைப்பயிற்சியோட வாரம் மூணு நாள் எடைப்பயிற்சியும் சேர்த்த பிறகு 5.6க்கு இறங்குச்சு. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கி வைக்கிற கிடங்கு நம்ம தசைதான். கிடங்கு சுருங்கினா சரக்கு தெருவில் நிற்கும்.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 நிமிட நடையோடு நிற்கவில்லை. குறைந்தது 2 நாள் தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேணும்னு சொல்லுது.

ஆக "ஆறு மாசம் ரெஸ்ட் எடுங்க" என்பது செலவில்லாத ஆலோசனை இல்லை. அதுக்கும் ஒரு விலை இருக்கு.

3/
சரி, வலி எங்கே? விரலால் தொட்டுக் காட்டுங்க.

முழங்கையின் வெளிப்பக்கம் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதை அழுத்தினா சுள்ளுன்னு வலிக்குதா? கையை நேரா நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கினா வலிக்குதா? தோசைக்கல், டிபன் கேரியர், பக்கெட் தூக்கும்போது கை நழுவுற மாதிரி இருக்கா? அப்படின்னா பெரும்பாலும் அது டென்னிஸ் எல்போ.

எனக்கு ஆரம்பிச்சது வீடு மாறின வாரம். முப்பது பெட்டி புத்தகம். நாலாவது நாள் காலையில் பால் பாக்கெட்டை எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்க முடியல. அரை லிட்டர் பால்!

4/
பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. 1873இல் ருங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதை முதலில் எழுதினது, எழுதுறவங்களுக்கு வரும் கை வலியா. 1882இல் ஹென்றி மோரிஸ் என்பவர் லான்செட்டில் "லான் டென்னிஸ் கை" என்று குறிப்பிட்டார். அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு.

என் கிளினிக்குக்கு இந்த வலியோட வர்றவங்களில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவங்க ஒருத்தர்கூட ஞாபகம் இல்லை. துணி பிழியறவங்க, தேங்காய் துருவுறவங்க, பெயிண்டர், தச்சர், டெய்லர், நாள் முழுக்க மவுஸ் பிடிக்கிற ஐடி தம்பிங்க. அப்புறம் பரோட்டா மாஸ்டர்கள். ஒரு மாஸ்டரைப் பத்தி கீழே சொல்றேன்.

5/
இப்போ முக்கியமான விஷயம். "மூட்டு வலி"ன்னு நாம சொன்னாலும், பெரும்பாலும் மூட்டு நல்லாவே இருக்கு. மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்குற ஒரு தசை, எக்ஸ்டென்சர் கார்ப்பி ரேடியாலிஸ் பிரெவிஸ், அந்த எலும்பு மேட்டில் ஒரு தசைநாணாக ஒட்டியிருக்கு. வலி அந்த ஒட்டிய இடத்தில்.

ஒரு சின்ன சோதனை. வலது கையை இறுக்கி மூடுங்க. இடது கையால் வலது முன்கையின் மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்க. கல்லு மாதிரி இறுகியிருக்கும். விரல்கள் மூடும்போது மணிக்கட்டு உள்பக்கம் மடங்காம இருக்க, இந்தத் தசை பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கணும். அப்போதான் பிடி உறுதியா இருக்கும்.

அதாவது எதை இறுக்கிப் பிடிச்சாலும் அது முழங்கைக்கும் வேலை. தோள்பட்டைக்கு, மார்புக்கு, முதுகுக்குன்னு நாம செய்யுற பயிற்சி எல்லாமே கைப்பிடி வழியாத்தான் போகுது. அதனால்தான் இந்தச் சின்ன இடத்தின் வலி மேலுடம்பு முழுவதையும் முடக்கிடுது. தீர்வும் இங்கேயே இருக்கு: தோளுக்கும் முதுகுக்கும் சுமை கொடுங்க, பிடியைக் குறைங்க.

6/
"வீக்கம் இருக்கும் சார், வீக்க மாத்திரை கொடுங்க"ன்னு கேட்பாங்க. 1979இல் நிர்ஷல், பெட்ரோன் என்ற ரெண்டு அறுவை மருத்துவர்கள், அறுவை சிகிச்சையில் எடுத்த தசைநாண் திசுவைப் பரிசோதிச்சு எழுதினாங்க. நாள்பட்ட டென்னிஸ் எல்போவில் அழற்சிக்கான செல்கள் அவ்வளவா இல்லை. நார்கள் வரிசை குலைஞ்சு, சிக்குப் பிடிச்ச நூல்கண்டு மாதிரி கிடந்தது.

அதனால் வலி மாத்திரை வலியைக் குறைக்கும், சிக்கை எடுக்காது. நார்கள் மறுபடி வரிசைக்கு வர அதுக்கு இழுவிசை வேணும். அளவா, படிப்படியா, தொடர்ந்து. முழு ஓய்வு கொடுத்தா தசைநாணின் தாங்குதிறன் இன்னும் குறையும். பிறகு சாதாரண வேலையே அதுக்குப் பெரிய சுமையாத் தெரியும்.

தூளி கட்டிக் கையைத் தொங்கவிடுறதும் வேணாம். குறிப்பா சர்க்கரை உள்ளவங்க. அசைக்காம வெச்சா தோள்பட்டை இறுகிப்போகும் ஆபத்து அவங்களுக்கு அதிகம். முழங்கைக்கு வைத்தியம் பார்க்கப் போய் தோளையும் இழந்துடக் கூடாது.

7/
ஊசி?

அந்தப் பரோட்டா மாஸ்டர், ஐம்பதை நெருங்குறவர், வலது கை. மாவு பிசைஞ்சு, வீசி, அடுக்கித் தட்டி, ஒரு ராத்திரிக்கு நூத்துக்கணக்கில் போடுறவர். "ஊசி போட்டு விடுங்க சார். திருவிழா சீசன். மூணு வாரம் வலி இல்லாம இருந்தா போதும்." அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கை ஓடினால்தான் வீடு ஓடும்.

அவருக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்றேன். 2013இல் ஜாமா இதழில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆய்வு. 165 பேர். ஸ்டீராய்டு ஊசி போட்டவங்களுக்கு ஆரம்பத்தில் வலி சட்டுன்னு குறைஞ்சது. ஆனா ஒரு வருஷம் கழிச்சு நல்லா குணமானவங்க, ஸ்டீராய்டு குழுவில் 83 சதவீதம், மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவங்களில் 96 சதவீதம். வலி திரும்ப வந்தது முதல் குழுவில் 54 சதவீதம், ரெண்டாவதில் 12 சதவீதம்.

"அப்போ தை மாசம் கை நல்லா இருக்கணும்னா இப்போ போடக் கூடாதுங்கறீங்க"ன்னார். ஒரே வரியில் அந்த ஆய்வைச் சுருக்கிட்டார். முடிவு அவரோடது. ஊசி வேணாம்னார்.

8/
இனி பயிற்சிக்கு வருவோம். முதல் மூணு வாரம் நான் எடுத்து ஓரமா வெச்சவை:

புல் அப். உள்ளங்கை கீழ் பார்த்துச் செய்யுற ரிவர்ஸ் கர்ல். கையை நேரா நீட்டிப் பிடிக்கிற டெட்லிஃப்ட். பக்கவாட்டில் கை நீட்டி டம்பெல் தூக்குறது. கெட்டில்பெல் வீசுறது.

நாலு விஷயம் ஒண்ணா சேர்ந்தா இந்தத் தசைநாணுக்கு ஆகாது: கை நேரா நீட்டல், உள்ளங்கை கீழ்நோக்கல், இறுக்கமான பிடி, வேகம். இதில் ரெண்டைக் கழிச்சாலே பல பயிற்சிகள் தாங்கும்படி ஆயிடும். உங்க அட்டவணையை இந்த நாலு அளவுகோலில் நிறுத்திப் பாருங்க.

9/
பிடியே இல்லாம மேலுடம்புக்கு என்ன செய்யலாம்? நான் செஞ்சவை:

மார்பு: சுவரில் புஷ் அப், பிறகு மேசை விளிம்பில், பிறகு தரையில். இதில் எதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஜிம்மில் முன்கையை மெத்தையில் வெச்சுத் தள்ளுற பட்டர்ஃப்ளை மெஷின் இருந்தா இன்னும் நல்லது.

முதுகு: ரெசிஸ்டன்ஸ் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறு முனையைக் கையில் பிடிக்காம முழங்கைக்குச் சற்று மேலே மேற்கையில் மாட்டி, பின்னோக்கி இழுக்கிறது. முதுகுத் தசைக்கு நல்ல வேலை, முழங்கைக்கு வேலையே இல்லை.

தோள்: கணுக்காலில் கட்டுற வெல்க்ரோ எடைப்பட்டையை மேற்கையில் கட்டி, பக்கவாட்டில் தூக்கி இறக்குறது. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து 5 நொடி நிறுத்துறது.

ஜிம்மில் ரெண்டு பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. பார்க்கட்டும்.

10/
பிடி தேவைப்படுற பயிற்சிக்குத் திரும்பும்போது:

உள்ளங்கை மேல் பார்க்கட்டும், இல்லைன்னா ரெண்டு உள்ளங்கையும் ஒண்ணையொண்ணு பார்க்கட்டும். முழங்கை மடங்கியே இருக்கட்டும். மணிக்கட்டு நேரா இருக்கட்டும், பின்னால் சாய வேணாம். இழுக்கிற பயிற்சிக்கு மணிக்கட்டில் சுத்துற லிஃப்டிங் ஸ்ட்ராப் போட்டுக்கோங்க, சுமையில் பாதியை அது வாங்கிக்கும். தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்காதீங்க. நம்மில் பலர் 5 கிலோ டம்பெல்லை 20 கிலோ மாதிரி நசுக்குறோம்.

11/
இதுவரை சொன்னது முழங்கையைத் தவிர்த்துச் செய்வது. அதோட அந்தத் தசைநாணுக்கும் தனியா வேலை கொடுக்கணும். இதை விட்டுட்டா வலி திரும்ப வரும்.

முதல் கட்டம், அசைவில்லாமல்: முன்கையை மேசையில் வெச்சு, உள்ளங்கை கீழே, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே. மறு கையால் புறங்கையை அழுத்துங்க, இந்தக் கை எதிர்க்கட்டும். 30 முதல் 45 நொடி. ஒரு நிமிஷம் இடைவெளி. 5 தடவை. தினமும்.

ரெண்டாம் கட்டம், மெதுவா இறக்குறது: அதே நிலையில் கையில் அரை லிட்டர் தண்ணி பாட்டில். மறு கையால் மேலே தூக்கி விடுங்க. வலிக்கிற கை மட்டும் 4 நொடி எண்ணி மெதுவா இறக்கட்டும். 10 முதல் 15 தடவை, 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமானா 1 கிலோ, பிறகு ஒண்ணரை, பிறகு 2.

மூணாம் கட்டம்: தூக்குறது, இறக்குறது ரெண்டையும் அதே கையால்.

ஒவ்வொரு கட்டமும் வாரக் கணக்கு. மொத்தம் மூணு மாசமாவது மனசில் வெச்சுக்கோங்க.

12/
"செய்யும்போது வலிக்குதே டாக்டர்?"

வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்க. பயிற்சியின்போது 3 வரை போகலாம். அடுத்த நாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துடணும். வந்தா அளவு சரி. 5க்குப் போனாலோ, மறுநாளும் குறையலைன்னாலோ ஒரு படி இறங்குங்க. விட்டுட வேணாம், ஒரு படி மட்டும்.

வலி பூஜ்யமாகும் வரை காத்திருந்து ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறவங்கதான் ஒரு வருஷம் கழிச்சும் அதே இடத்தில் நிற்கிறாங்க.

13/
வலி இல்லாத கையை மறந்துடாதீங்க. ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தா, சும்மா இருக்கிற மறு கைக்கும் ஓரளவு வலு கூடும். 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சரும் அவரோட சகாக்களும் பதிவு செஞ்ச விஷயம் இது. மூளையும் நரம்பும் கத்துக்கிட்டது ரெண்டு பக்கமும் பகிரப்படுது. எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டவங்களுக்கும் இது உதவும். நான் இடது கைக்கு வழக்கமான எடையைக் குறைக்கவே இல்லை.

14/
என் கணக்கு நோட்டு இதோ.

பிடியை அளக்க பிபி பார்க்கிற பட்டையைச் சுருட்டி, 20க்குக் காற்றடிச்சு, கை நீட்டி, வலி தொடங்கும் வரை நசுக்கிப் பார்ப்பேன். முதல் வாரம்: இடது 210, வலது 90.

2ஆம் மாசம்: வலது 120. பால் பாக்கெட் பிரச்சினை தீர்ந்தது.

3ஆம் மாசம்: 150. அந்த வாரம் தண்ணி கேன் போடுற தம்பி வரல. கிளினிக்கில் 20 லிட்டர் கேனை நானே தூக்கிக் கவிழ்த்தேன். மூணு நாள் வலி 6. எடையை 2இலிருந்து 1 கிலோவுக்கு இறக்கினேன். பத்து நாளில் பழைய இடத்துக்கு வந்தாச்சு. இந்த மாதிரி ஏற்ற இறக்கம் இருக்கும், கிழிஞ்சு போச்சுன்னு பயப்பட வேணாம்.

5ஆம் மாசம்: 175. ஸ்ட்ராப் போட்டு ரோயிங், பழைய எடையில் பாதிக்கு மேல்.

7ஆம் மாசம், இப்போ: 195. டம்பெல் பெஞ்ச் பிரெஸ் பழைய எடைக்கு வந்தாச்சு. புல் அப் இன்னும் இல்லை. போன மாச எச்பிஏ1சி 5.7. என் மனசில் இருந்த உண்மையான பயம் அந்த எண்தான். அது நின்னது.

15/
வயசு ஆயிடுச்சு, இனி அவ்வளவுதானோன்னு யாராவது சோர்ந்திருந்தா: சச்சினுக்கு இதே வலி 2004இல் வந்தது. ஆட்டங்களைத் தவறவிட்டார். 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை. அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிரா 93 ரன்னோட திரும்பினார். ஒருநாள் போட்டியில் இரட்டைச் சதம் அடிச்சது அதுக்கும் பிறகு, 2010இல், குவாலியரில்.

ஆனா ஒண்ணு. அவருக்கு அறுவை தேவைப்பட்டதுன்னு உங்களுக்கும் தேவைன்னு நினைக்காதீங்க. பெரும்பாலானவங்களுக்கு ஒரு வருஷம், ஒண்ணரை வருஷத்துக்குள் கத்தி இல்லாமலே சரியாயிடும். பயிற்சி அந்தக் காலத்தை வலுவிழக்காமல் கடக்க வைக்கும்.

16/
வலி வேற இடத்தில் இருந்தா கதை வேற.

உள்பக்க மேடு: கோல்ஃபர்ஸ் எல்போ. சின் அப், உள்ளங்கை மேல் பார்த்துச் செய்யுற கனமான கர்ல் இதைக் கிளறும். இவங்களுக்கு நான் மேலே சொன்ன "உள்ளங்கை மேல்" பொருந்தாது. உள்ளங்கைகள் ஒண்ணையொண்ணு பார்க்கிற பிடி நல்லது. பாட்டில் பயிற்சியையும் உள்ளங்கை மேல் பார்க்க வெச்சுச் செய்யணும்.

பின்பக்கம், முழங்கை முனைக்கு மேலே: டிரைசெப்ஸ் தசைநாண். டிப்ஸ், தலைக்குப் பின்னால் எடை இறக்குறது ரெண்டையும் கொஞ்ச நாள் ஓரங்கட்டுங்க.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போனா: அல்நார் நரம்பு. முழங்கையை ரொம்ப நேரம் மடக்கி வெச்சு போன் பேசுறதை, மடக்கியபடி தூங்குறதைத் தவிருங்க. மருத்துவரைப் பாருங்க.

கழுத்தைத் திருப்பினா கை வரைக்கும் வலி ஓடினா: பிரச்சினை கழுத்தில் இருக்கலாம்.

17/
இவை இருந்தா பயிற்சி பத்தி யோசிக்காதீங்க, உடனே மருத்துவரிடம்:

முழங்கை வீங்கிச் சிவந்து சூடா இருக்கு, காய்ச்சலும் இருக்கு.
விழுந்த பிறகு கையை முழுசா நீட்ட முடியல.
எடை தூக்கும்போது "டப்"னு சத்தம், மேற்கைத் தசை உருண்டு மேலே போயிடுச்சு.
கை விரல்களில் பலம் குறைஞ்சுக்கிட்டே வருது.
காலையில் பல மூட்டுகளில் நீண்ட நேர இறுக்கம்.
சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாதிரி மாத்திரை ஆரம்பிச்ச பிறகு தசைநாண் வலி.

எல்லாத்துக்கும் மேலே: நடக்கும்போதோ படியேறும்போதோ கையில் வலி, கூடவே நெஞ்சு அடைப்பு, வியர்வை. அது முழங்கை இல்லை, இதயம். ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

18/
சில்லறைக் கேள்விகள்.

பெல்ட்: போடலாம். வலிக்கிற மேட்டின் மேலே இல்லை, ரெண்டு விரற்கடை கீழே, முன்கையில். வேலை நேரத்தில் மட்டும்.

ஐஸ், ஒத்தடம்: எது இதமோ அது. குணப்படுத்தாது, ஆறுதல் தரும்.

எம்ஆர்ஐ: பெரும்பாலும் தேவையில்லை. கை வைச்சுப் பார்த்தே சொல்லலாம். பல மாசம் ஒழுங்கா பயிற்சி செஞ்சும் அசையலைன்னா பார்க்கலாம்.

19/
கடைசியா, "ரெஸ்ட் எடுங்கம்மா"ன்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே போற அம்மாக்களுக்கு. உங்க கைக்கு தினமும் ஒரு பட்ஜெட் இருக்குன்னு வைங்க. துணி பிழியறது, மாப் பிழியறது, தேங்காய் துருவுறது, தண்ணிக் குடம், எல்லாம் அதிலிருந்துதான் செலவு. அந்தச் செலவைக் குறைச்சாத்தான் பயிற்சிக்கு மிச்சம் இருக்கும். துணியை முறுக்காம குழாயில் தொங்கவிட்டு வடிய விடுங்க. தோசைக்கல்லை ரெண்டு கையால் தூக்குங்க. பையைத் தோளில் மாட்டுங்க. வீட்டில் இருக்கிற ஆண்களே, மூணு மாசம் மாப் பிழியறது உங்க வேலை. அது உங்களுக்கும் நல்ல முன்கைப் பயிற்சி.

20/
பரோட்டா மாஸ்டர் நாலாவது மாசம் வந்தார். மாவு அடிக்கிறதைக் கடையில் ஒரு பையனுக்குப் பழக்கிவிட்டு, இவர் கல்லுப் பக்கம் மாறிட்டார். கரண்டிக் காம்பில் துணி சுத்தியிருக்கார். மத்தியானம் கடை திறக்கும் முன்னாடி, உப்பு டப்பாவை வெச்சு மெதுவா இறக்குற பயிற்சி. "ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் இன்னும் வலி சார். மத்த நாள் பரவாயில்லை." தை பொறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்குன்னு அவரே கணக்குச் சொன்னார்.

உங்க வலி எந்த இடத்தில், எந்தப் பயிற்சியில் வருதுன்னு கீழே எழுதுங்க. மாத்து வழி தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நேரில் பார்க்க வேண்டியதுன்னா அதையும் சொல்லிடுறேன்.